வாக்ஸ்ஹால் பாலத்தில் போலீஸ் என் கேமராவை வாங்கிப் பார்த்தது: காட்டியே ஆக வேண்டுமா?

பழைய ரிவெட் எழுதியது:

வணக்கம். லண்டனில் இருப்பவர்களும் கேமராவோடு ஊர் சுற்றுகிறவர்களும் இங்கே நிறைய பேர் என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். சுருக்கிக் கேட்டால் "முழுசா என்ன நடந்ததுன்னு சொல்லுங்க" என்றுதான் முதல் பதில் வரப்போகிறது.

நான் ஓய்வுபெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். எந்த நாட்டுக்குப் போனாலும் பாலங்களைத்தான் படமெடுப்பேன். முழுப் பாலமும் சூரிய அஸ்தமனமும் போஸ்ட் கார்டிலேயே கிடைக்கும், அது எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது அடிப்பக்கம்: கர்டர் என்கிற எஃகு உத்தரம் வந்து தூணில் உட்காரும் இடம், அங்கே அதைத் தாங்கும் பேரிங், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசை, எப்போதோ யாரோ ஒட்டுப்போட்ட தடம். வேலையில் இருந்த காலத்தில் இதையே ஹெல்மெட்டும் மஞ்சள் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு செய்தேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை.

சமீபத்தில் லண்டன் போயிருந்தபோது வாக்ஸ்ஹால் பாலத்துக்குப் போனேன். 1906-ல் திறந்தது. கருங்கல் தூண்கள், ஐந்து எஃகு வளைவுகள். மேலே நடந்து போகிறவருக்கு அதில் பார்க்க ஒன்றும் கிடையாது, விஷயமெல்லாம் வெளிப்பக்கம். தூண்களின் முகப்பில் ஆற்றைப் பார்த்தபடி ஆளைவிடப் பெரிய வெண்கலப் பெண் சிலைகள், பக்கத்துக்கு நான்காக எட்டு. ஒரு பக்கம் வேளாண்மை, கட்டடக்கலை, பொறியியல், மட்பாண்டம்; மறுபக்கம் அறிவியல், நுண்கலை, கல்வி, உள்ளாட்சி. ஆமாம், உள்ளாட்சிக்கும் ஒரு சிலை! கட்டடக்கலை அம்மாளின் கையில் செயின்ட் பால் தேவாலயம், குவிமாடம் சகிதம் குட்டியாக உட்கார்ந்திருக்கிறது. நடைபாதையிலிருந்து இது எதுவுமே தெரியாது. படகில் போக வேண்டும், இல்லையென்றால் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்க வேண்டும்.

எட்டிப் பார்த்தேன். வயிறு சுவர்மேல், ஸ்ட்ராப் மணிக்கட்டில் இரண்டு சுற்று, கை முழு நீளத்துக்கு வெளியே, கேமராத் திரை என் பக்கம் திரும்பியபடி. கால் தரையில் இருந்ததா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "சார், நல்லா இருக்கீங்களா?" என்று. திரும்பினால் இரண்டு போலீஸ்காரர்கள், ஒருவர் நடுவயது, ஒருவர் இளைஞர். ஏதோ மரியாதைக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து "நல்லா இருக்கேன், நீங்க?" என்றேன். நடுவயதுக்காரர் சிரிக்கவில்லை. முதலில் இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள் என்றார். யாரோடு வந்தீர்கள், எங்கே தங்கியிருக்கிறீர்கள், இன்றைக்கு நாள் எப்படிப் போகிறது என்று மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏன் இவ்வளவு அக்கறை என்று எனக்குக் குழப்பம்.

பிறகுதான் இளைஞரின் கண் கேமராவுக்குப் போனது. என்ன எடுத்தீர்கள், பார்க்கலாமா என்றார். கொடுத்துவிட்டேன். அவர் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போக, எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. பாலத்தின் தென்கோடியில் பச்சைக் கண்ணாடியும் வெளிர்மஞ்சள் சுவருமாக நிற்பது அவர்களுடைய வெளிநாட்டு உளவுத்துறையின் தலைமையகம். பாலத்துக்கு வருமுன் அந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். வாகனம் மோதாமல் இருக்க நட்டிருக்கும் குத்துக்கட்டைகள், ஒரு சிசிடிவி கம்பத்தின் அடித்தகடு, ஆற்றுச் சுவரில் ஒரு இணைப்பு, அப்புறம் ஒரு கேட். இன்ஜினியர் கண்ணுக்கு அவை அருமையான படங்கள். வரிசையாக இன்னொருவர் கையில் ஓடும்போது பார்த்தால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

இளைஞர், "இந்த கேட் படத்தை அழித்துவிட்டால் நல்லது" என்றார். நடுவயதுக்காரர் உடனே குறுக்கிட்டு, அதெல்லாம் வேண்டாம் என்று அவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்து கேமராவை வாங்கி அடுத்த படத்தைப் பார்த்தவர், இந்தச் சிலை எங்கே இருக்கிறது என்று கேட்டார். உங்கள் காலுக்குக் கீழே என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னைவிட நிறைய ஜாக்கிரதையாக, எட்டிப் பார்த்தார். இளைஞரையும் கூப்பிட்டுக் காட்டினார். கடைசியில் பெயர், தங்கியிருக்கும் விலாசம் கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு துண்டுத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மொத்தத்தில் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் சில விஷயம் உறுத்துகிறது. கேமராவை நான் காட்டியே ஆக வேண்டுமா? அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டுமா? எல்லாவற்றையும்விட, அந்தத் தாளில் என் பெயர் இருக்கிறதே, அடுத்த முறை விசாவுக்குப் போகும்போது அது வந்து நிற்குமா? மனைவிக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

தேம்ஸ்கரை எழுதியது:

ஐயா, முதல்ல ஒண்டு சொல்லுறன். அவை உங்களைக் கமராவுக்காக மறிக்கேல்லை. நீங்கள் குதிக்கப் போறியள் எண்டு நினைச்சுத்தான் வந்திருக்கினம். இஞ்ச தேம்ஸ் பாலங்களில ஆராவது சுவரில ஏறிச் சாய்ஞ்சா, வழியால போற சனமே அவசர இலக்கம் 999க்கு அடிச்சுப் போடும். வாட்டர்லூ பாலத்தடியில உயிர்காப்புப் படகு நிலையம் ஒண்டு இருக்கு, பேர் 'டவர்'. பிரித்தானியாவிலயும் அயர்லாந்திலயும் அதை நடத்திற RNLI எண்ட உயிர்காப்புப் படகு அமைப்புக்கு இருக்கிற நிலையங்கள் எல்லாத்திலயும் ஆகக் கூடின அழைப்பு வாறது இந்த ஆத்து நிலையத்துக்குத்தான். கடற்கரையில இருக்கிறதுகளுக்குக்கூட அவ்வளவு வாறேல்லை. ஆரோட வந்தனீங்கள், நாள் எப்பிடிப் போகுது எண்டு ஆறுதலாக் கேட்டதெல்லாம் அதுக்குத்தான். நீங்கள் திருப்பி "நீங்க?" எண்டு கேட்டதை வாசிச்சுட்டு நான் தனிய இருந்து சிரிச்சனான், குறை நினைக்காதேங்கோ.

இனிச் சட்டம். பொது இடத்தில நிண்டு படம் எடுக்க இஞ்ச பொதுவாத் தடை இல்லை. கட்டடம், பொலிஸ், சிசிடிவி, எதுவெண்டாலும். அந்தத் தலைமையகம் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம்தான், ஆனா அது வளவுக்குள்ள அத்துமீறிப் போறதுக்கு எதிரான சட்டம். ரோட்டில நிண்டு படம் எடுக்கிறதைப் பற்றி இல்லை. பொலிஸ் வந்து கதை கேக்கலாம். நீங்கள் பதில் சொல்லலாம், விடலாம், பேர் விலாசமும் பொதுவாக் கட்டாயமில்லை. கமராவுக்குள்ள இருக்கிறதை உங்கட விருப்பமில்லாமல் பாக்கிறதெண்டா 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின்ர 43ஆம் பிரிவு மாதிரி ஒண்டு வேணும். அதுக்கு நியாயமான சந்தேகம் இருக்க வேணும், சும்மா கமரா வச்சிருக்கிறது காணாது. நீங்களாவே நீட்டினா அந்தக் கேள்வியே வராது.

அழிக்கிறது: 43இலயும் அந்த அதிகாரம் இல்லை. கமராவைப் பறிமுதல் செய்தாலும் நீதிமன்றக் கட்டளை மாதிரி ஒண்டு இல்லாமல் படத்தில கை வைக்க ஏலாது. பொலிசின்ர சொந்த வழிகாட்டலிலயே இது இருக்கு. பெரியவர் பெடியனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனது அதாலதான்.

ஆனா பெடியனையும் ஒரேயடியாக் குறை சொல்லக்கூடாது. 2000 செப்டெம்பரில அந்தக் கட்டடத்துக்கு உண்மையாவே ரொக்கட் அடிச்சவங்கள், ஐரிஷ் குழு ஒண்டு. எட்டாம் மாடியில பட்டது. குத்துக்கட்டையும் கம்பத்து அடியுமா ஒருத்தர் படம் எடுத்து வச்சிருந்தா கேள்வி கேக்கத்தான் செய்வினம்.

அந்தத் துண்டில என்ன எழுதியிருக்கு? சோதனை எண்டு அடையாளம் போட்டிருக்கா, சட்டப் பிரிவு ஏதும் இருக்கா, பாத்துச் சொல்லுங்கோ.

இருட்டறை எழுதியது:

சார், தப்பா நினைக்காதீங்க. காட்டியிருக்கவே கூடாது. "எந்தச் சட்டப் பிரிவின்படி கேட்கறீங்க?" இந்த ஒரு கேள்வி போதும். பிரிவு சொன்னாங்கன்னா காட்டுங்க, சொல்லலேன்னா கேமராவைப் பைக்குள்ள போட்டுட்டு நடையைக் கட்டுங்க.

2009-ல ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒரு அப்பாவும் மகனும் வடகிழக்கு லண்டன்ல, வால்தம்ஸ்டோவுல, படம் எடுத்தாங்க. டபுள் டெக்கர் பஸ்ஸும் நவீன கட்டடமும் பிடிக்கும்னு வந்த ஆளுங்க. போலீஸ் பிடிச்சு, போக்குவரத்து சம்பந்தப்பட்ட எதையும் எடுக்கக் கூடாதுன்னு அந்த மாதிரிப் படத்தை எல்லாம், வாக்ஸ்ஹால் சுரங்க ரயில் ஸ்டேஷன் படத்தையும் சேர்த்து, அழிக்க வெச்சாங்க, பாஸ்போர்ட் நம்பரையும் ஓட்டல் விலாசத்தையும் குறிச்சுக்கிட்டாங்க. அப்படி ஒரு தடையே அந்த ஊர்ல கிடையாது. அந்த அப்பா பத்திரிகைக்கு எழுதினதாலதான் வெளிய வந்துச்சு.

அப்போ அதே பயங்கரவாதச் சட்டத்துல 44-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருந்தது. சந்தேகமே இல்லாம யாரையும் நிறுத்திச் சோதிக்கலாம். லண்டன் முழுக்க வருஷக்கணக்கா அந்தப் பிரிவுக்குள்ள இருந்தது. போட்டோகிராபர்கள் தெருவுல இறங்கிப் போராடினாங்க. 2010 ஜனவரில ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தப்புன்னு சொன்ன பிறகுதான் நிறுத்தினாங்க, 2012-ல அந்தப் பிரிவையே எடுத்தாங்க. வழக்குப் போட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் பத்திரிகையாளர். அவங்க அன்னிக்கு சிரிச்சுக்கிட்டே பையைத் திறந்து காட்டிட்டுப் போயிருந்தா இன்னிக்கும் அந்தப் பிரிவு இருந்திருக்கும்.

பழைய ரிவெட் எழுதியது:

தேம்ஸ்கரை, இப்போதுதான் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தேன். தேதி, நேரம், இடம், அதிகாரியின் எண். சட்டப் பிரிவு எதுவும் இல்லை, சோதனை என்றும் இல்லை. காரணம் என்ற இடத்தில், "பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஆபத்தான நிலையில் சாய்ந்திருந்தார், நலம் விசாரிக்கப்பட்டது" என்று இருக்கிறது. கேமரா என்ற சொல்லே அதில் கிடையாது. மனைவி இதைப் படித்துவிட்டு, "கால் தரையில் இல்லைன்னு கவர்மென்ட்டே எழுதிக் கொடுத்திருக்கு" என்கிறார்.

இருட்டறை, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் பயந்துபோய் ஓடிவந்த மனுஷனிடம் "எந்தப் பிரிவு?" என்று நான் கேட்டிருந்தால் அவர் என்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருப்பார்? அழிக்கச் சொன்னபோது கேட்பதற்கு அது நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். முதல் வாக்கியமாக அது சரிப்படாது. மனைவி பக்கத்தில் நிற்கும்போது எனக்கு வேண்டியது அந்த இடத்தைவிட்டுச் சீக்கிரம் கிளம்புவது. கொள்கையை அடுத்த வாரமும் வைத்துக்கொள்ளலாம்.

ரன்வே எழுதியது:

ரெண்டு பேரும் லண்டனை வெச்சுப் பேசறீங்க. அங்க சட்டம் பேசலாம், போலீஸும் சட்டம் பேசும். எல்லா நாட்டுலயும் அப்படி இல்லை.

நான் விமானம் படமெடுக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன். எங்க ஆளுங்களுக்கு 2001-ன்னா உடனே ஞாபகம் வர்றது கலமாட்டா, கிரேக்க நாட்டு விமானப்படைத் தளம். பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட விமானக் காட்சிக்குப் போன 12 பிரிட்டிஷ்காரங்களையும் 2 டச்சுக்காரங்களையும் உளவாளிகள்னு உள்ள போட்டாங்க. வாரக்கணக்கா ஜெயில், அப்புறம் ஜாமீன், 2002 ஏப்ரல்ல தண்டனை, அந்த வருஷம் நவம்பர்ல மேல்முறையீட்டுலதான் விடுதலை. அவங்களை மாட்டிவிட்டதுல அவங்க நோட்டுப் புத்தகங்களுக்குப் பெரிய பங்கு. விமானத்தோட வால்ல இருக்கிற எண்ணை எல்லாம் வரிசையா எழுதி வெச்சிருந்தாங்க. எங்களுக்கு அது பொழுதுபோக்கு, கிரேக்க போலீஸுக்கு அது உளவுக் குறிப்பு. ரிவெட் ஐயா, நீங்க அளவெல்லாம் போட்டு ஸ்கெட்ச் வரையற பழக்கம் இருந்தா, அந்த நோட்டை ஓட்டல்லயே வெச்சுட்டுப் போங்க. போட்டோவை விட அதுதான் வம்பு.

தாஷ்கண்ட் மெட்ரோ, 1977-ல திறந்தது. ஸ்டேஷன் ஒவ்வொண்ணும் அரண்மனை மாதிரி. விண்வெளி வீரர்கள் பேர்ல ஒண்ணு இருக்கு, நீலச் சுவர்ல ககாரின், தெரஷ்கோவா எல்லாரும் வட்டத்துக்குள்ள மிதப்பாங்க. அணுகுண்டு விழுந்தா பதுங்குமிடமாவும் பயன்படணும்னு கட்டினதால, 2018 வரைக்கும் உள்ள ஒரு படம் எடுக்கக் கூடாது. தடை இருந்த காலத்துல நான் ககாரினைப் பார்த்ததும் கையை அடக்க முடியாம எடுத்துட்டேன். தூணுக்குப் பின்னாலிருந்து பச்சை யூனிபார்ம்ல ஒருத்தர் வந்தார். பேசவே இல்லை. கேமராவைக் கையில வாங்கி, குப்பைத்தொட்டி பட்டனைத் தன் கட்டைவிரலால அழுத்தி, "ஆம்"னு கேட்டதுக்கும் அவரே அழுத்தி, முந்தின படமும் பிந்தின படமும் என்னன்னு பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தார். அங்க நின்னு பிரிவு எண் கேட்டிருந்தா பாஸ்போர்ட்டும் நானும் மேல ஒரு ரூமுக்குப் போயிருப்போம். இப்போ தடை இல்லை, தாராளமா எடுக்கலாம்.

உண்மையிலேயே கைது வரைக்கும் போச்சுன்னா ஒண்ணு மட்டும் கேளுங்க: எங்க நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கன்னு. 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம், 36-ஆம் பிரிவு. அதுல கையெழுத்துப் போடாத நாடு அபூர்வம். நீங்க கேட்டா அவங்க தாமதமில்லாம சொல்லியாகணும். கேட்கணும், அதான் முக்கியம்.

இருட்டறை எழுதியது:

கலமாட்டாவும் தாஷ்கண்டும் நான் சொல்றதை மறுக்கலையே. தடை எழுத்துல இருந்த இடம் வேற, இல்லாத தடையை வாயால போடற இடம் வேற. லண்டன் ரெண்டாவது வகை. அங்க பேசலேன்னா வேற எங்க பேசுவோம்?

ஆனா முதல் வாக்கியம் பத்தி ரிவெட் சார் சொன்னது சரிதான். முதல்ல வணக்கம், அப்புறம் பிரிவு.

படிவக்காரி எழுதியது:

விசா கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. விசா விண்ணப்பம் நிரப்பித் தருவதுதான் என் தொழில், அதனால் சொல்கிறேன். பிரிட்டன் படிவத்தில் கேட்பது: தண்டனை ஏதாவது உண்டா, கைதாகியோ குற்றம் சாட்டப்பட்டோ வழக்கு நிலுவையில் இருக்கிறதா, போலீஸ் முறைப்படி எச்சரிக்கை கொடுத்ததா, வாகனம் ஓட்டியதற்கான தண்டனை, நீதிமன்றத் தீர்ப்பில் கட்ட வேண்டிய கடன், குடிவரவு அபராதம். ரோட்டில் நிறுத்தி நலம் விசாரித்தது இதில் எதுவும் இல்லை. "இல்லை" என்று குறிக்கலாம், அது பொய்யாகாது. தாளைக் கிழிக்காமல் பத்திரமாக வையுங்கள், காரணம் உங்களுக்குச் சாதகமாகத்தான் எழுதியிருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருட்டறை சொல்கிற மாதிரி பேச வேண்டாம்: விமான நிலையம். அங்கே அதே பயங்கரவாதச் சட்டத்தின் 7-ஆம் அட்டவணைப்படி, சந்தேகம் இல்லாமலே நிறுத்திக் கேட்கலாம், பதில் சொல்லாமல் இருப்பதே குற்றம். போன், கேமரா எல்லாம் அதில் அடக்கம்.

அம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

தேம்ஸ்கரை எழுதியது:

ஐயா, அடுத்த முறை சுவரில ஏறாமல் கீழ இறங்கிப் பாருங்கோ. அந்த உளவுத்துறைக் கட்டடத்துக்குப் பக்கத்திலயே ஆத்துக்குள்ள இறங்கிற சரிவுப் பாதை ஒண்டு இருக்கு. வத்து நேரத்தில, அதாவது ஆத்துத் தண்ணி இறங்கின நேரத்தில, கூழாங்கல்லில நடந்து பாலத்துக்குக் கிட்டப் போகலாம், உங்கட பேரிங் எல்லாம் அண்ணாந்து பாக்கலாம். வத்து எத்தினை மணிக்கு எண்டு அட்டவணை பாக்காமல் இறங்கக் கூடாது. தேம்ஸ் தண்ணி ஏழு மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கிறது, வெள்ளம் திரும்பினா மளமளவெண்டு வரும். படம் எடுக்கிறதுக்கு அனுமதி தேவையில்லை, ஆனா கீழ கிடக்கிற ஒண்டையும் தேடிப் பொறுக்கக் கூடாது. பழைய காசோ களிமண் சுங்கான் (புகைக்கிற குழாய்) துண்டோ தேடுறதெண்டா துறைமுக அதிகாரசபையிட்ட அனுமதிப்பத்திரம் எடுக்க வேணும்.

அங்கயும் பொலிஸ் வரலாம், சொல்லிப்போட்டன். 2010இல அதே கரையில தொல்லியல் ஆக்கள் மரக்கட்டைத் தூண்கள் ஆறு கண்டுபிடிச்சவை, 6000 வருசத்துக்கு மேல பழசு, லண்டனிலயே ஆகப் பழைய கட்டுமானம். சேத்துக்குள்ள குனிஞ்சு நிண்ட அவையளையே ஆயுதம் வச்ச பொலிஸ் வந்து விசாரிச்சதெண்டு அப்ப பேப்பரில வந்தது.

பழைய ரிவெட் எழுதியது:

ஆறாயிரம் வருஷத்துப் பைல் ஃபவுண்டேஷன்! இதை முன்னாலேயே தெரிந்திருந்தால் சிலைகளை விட்டுவிட்டு நேராக அங்கேதான் போயிருப்பேன்.

படிவக்காரி அவர்களுக்குத் தனியாக நன்றி. உங்கள் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "அப்போ திரும்பவும் கூட்டிட்டுப் போகப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார், சம்மதமா என்று புரியவில்லை.

போனால் ஹாமர்ஸ்மித் பாலம் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்புப் பீடங்களில் விரிசல் கண்டு 2019 ஏப்ரலில் வண்டிகளை நிறுத்தினார்களே, அது. பீடம் தெரிகிற மாதிரி எந்தக் கரையில் நிற்கலாம், தேம்ஸ்கரை?

தேம்ஸ்கரை எழுதியது:

வடகரை, லோயர் மால் எண்டு ஆத்தோரமா ஒரு நடைபாதை. அங்க நிண்டா பாலம் முகத்துக்கு முன்னால. அம்மா இருக்கிறதுக்கு வாங்கும் (பெஞ்ச்) இருக்கு. பொலிஸ் கேட்டா விரிசல் பாக்க வந்தனான் எண்டு சொல்லுங்கோ, அந்த ஏரியாவில எல்லாரும் அதைத்தான் கதைக்கினம்.